மூணு நாள் வாயைப் பொத்து!

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஹீரோ படத்துக்குப் போயிருந்தேன். ரிலீஸான இரண்டாம் நாள். நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருந்த அத்தை. டிக்கெட் தலைக்கு 190 ரூபாய். ஆன்லைனில் புக் பண்ணினதுக்குத் தனியாக ஒரு தண்டம். பார்க்கிங், பாப்கார்ன், அத்தைக்கு ஒரு காபி என்று டைட்டில் போடுவதற்குள் கிட்டத்தட்ட இரண்டாயிரம் காலி. மூணு மணி நேரம் கழித்து எஸ்கலேட்டரில் இறங்கும்போது அத்தை சொன்னாள்: ‘‘ஏண்டா, இவன் அந்தப் பொண்ணை மொதல்லயே கொண்டுபோய் போலீஸ்ல விட்டிருந்தா, நாம சாப்பாட்டு நேரத்துக்கே வீட்டுக்குப் போயிருக்கலாமேடா?’’

முன்னால் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நாலு பேரும் வீட்டுக்குப் போய் நாற்பது பேரிடம் சொல்லியிருப்பார்கள். ஆக, ஒரு படத்தின் வசூலை என் அத்தை கெடுத்துவிட்டாள்!

இதில் ஜோக் ஒன்றும் இல்லை சார். 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் கிட்டத்தட்ட இதே வருத்தத்தோடு ஒரு அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்களை யூடியூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டன. இனி தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை அனுமதிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம் விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. படம் வந்து மூன்று நாளைக்கு ஆன்லைனில் விமர்சனமே கூடாதாம். விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, இடைக்காலத் தடை தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பெரிய படம் படுக்கும்போதும் இந்த மூணு நாள் கோரிக்கை மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதென்ன கணக்கு, மூணு நாள்? வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை உண்மை வெளியே வந்தால் பரவாயில்லை. அதற்குள் சனங்களின் பர்ஸ் உள்ளே வந்துவிட வேண்டும். இதைவிட வெளிப்படையாக ஒரு வியாபாரி ‘என் சரக்கு மேல எனக்கே நம்பிக்கை இல்லை’ என்று சொல்ல முடியுமா? மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ‘வீட்டுக்குப் போய்க் குழம்பு வெச்ச அப்புறம் மோந்து பாரும்மா’ என்று எந்த மீன்காரம்மாவும் சொன்னதில்லை.

ரசிகன் வாயைத் திறப்பதால் சினிமாவுக்கு நஷ்டம் என்பதே எனக்குப் புரியவில்லை. ‘கங்குவா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 14-ம் தேதி ரிலீஸ். முதல் காட்சி பார்த்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ‘கதை கிடக்கட்டும், சத்தம் தாங்கலைப்பா’ என்றார்கள். தயாரிப்பாளர் என்ன செய்தார்? சவுண்டை இரண்டு பாயின்ட் குறைத்து வைக்கும்படி தியேட்டர்களுக்குச் சொன்னார். அப்புறம் 12 நிமிஷத்தை வெட்டவும் செய்தார்கள். ஹீரோவின் மனைவி ஜோதிகா, படத்துக்கு ஆதரவாக எழுதிய பதிவிலேயே முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டார். (அந்த நேர்மைக்கு அவருக்கு ஒரு சல்யூட்.) ‘இந்தியன் 2’ கதையும் அதேதான். 2024 ஜூலை 12-ல் வந்த படத்துக்குச் சில நாளிலேயே 12 நிமிஷம் கத்தரி.

அந்தக் கத்தரியை எடுத்துக் கொடுத்தது யார்? மூணு நாள் மௌன விரதம் அமலில் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை நைட் ஷோ வரைக்கும் ஜனங்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். சம்பளம் வாங்காத எடிட்டராக எங்களை வைத்துக்கொள்வீர்கள், வாயை மட்டும் பொத்த வேண்டுமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. 1980-ல் ‘ஒருதலை ராகம்’ எந்த நட்சத்திரத்தை நம்பி ஓடியது? ஆரம்பத்தில் காற்று வாங்கிய தியேட்டர்களைக் காலேஜ் பசங்கள் ஒருத்தனிடம் ஒருத்தன் சொல்லியே நிரப்பினார்கள். ‘சேது’வை வாங்க ஆள் இல்லாமல் பெட்டி தூங்கியது. 1999 டிசம்பரில் ஒருவழியாக வெளியே வந்து, பார்த்தவன் பார்க்காதவனை இழுத்துக்கொண்டு போய்த்தான் விக்ரம் என்ற நடிகருக்கு விடிந்தது. 2024-ல் ‘லப்பர் பந்து’ ஓடியதும் அதே வாய்களால்தான். ‘சூப்பர்டா, போய்ப் பாரு’ என்று சொன்ன அன்றைக்கு அந்த வாய்க்குச் சர்க்கரை. ‘மொக்கைடா’ என்றால் பூட்டு. ஒரே வாய்தானே ஐயா!

டி.வி-க்காரர்கள் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். அத்தை ஒரு காலத்தில் ‘கோலங்கள்’ அடிமை. 2003-ல் ஆரம்பித்து 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் ஓடிய சீரியல். அபிக்காக அழுதாள், ஆதியைத் திட்டினாள். அவள் திட்டிய திட்டுக்கு அந்த நடிகர் ஊர்ப்பக்கம் வந்திருந்தால் நான் பொறுப்பில்லை. ஆனால் கதை ஜவ்வாக இழுத்தால், ‘போதும்டி’ என்று சேனலை மாற்றிவிடுவாள். அவ்வளவுதான் அவளுடைய விமர்சனம். ரிமோட்டில் ஒரு பட்டன். அந்தப் பட்டனைத்தான் டி.ஆர்.பி. என்று கோட் சூட் போட்டுக் கும்பிடுகிறார்கள். இப்போது வியாழக்கிழமை தோறும் ‘பார்க்’ கணக்கு வந்ததும் வில்லியின் ஆயுசு கூடுகிறது, மருமகளின் கோமா தெளிகிறது, சில கதைகள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டப்படுகின்றன. ‘மூணு வாரம் யாரும் சேனல் மாத்தக் கூடாது’ என்று எந்தச் சீரியல் தயாரிப்பாளரும் கோர்ட் படியேறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

யூடியூப் விமர்சகர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. நடிகையின் உடம்பைப் பற்றிப் பேசுகிறவன், படம் பார்க்காமலே கிழிக்கிறவன், காசு வாங்கிக்கொண்டு தூக்குகிறவன், காசு கொடுக்காததால் குத்துகிறவன்... இந்த ரகங்கள் நிஜமாகவே இருக்கின்றன. அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது, போடுங்கள் கேஸ். ஆனால் காசு கொடுத்துப் புகழ வைக்கிற பழக்கத்தை வளர்த்தது யார்? இடைவேளையிலேயே ‘தீபாவளி சார், வெறித்தனம் சார்’ என்று மைக் முன்னால் குதிக்கிறானே ஒரு தம்பி, அவன் மூணு நாள் பொறுக்க வேண்டாமா? அவனுக்கு மட்டும் ஏன் அனுமதி? ஆடியோ விழாவில் ஆயிரம் கோடி, இரண்டாயிரம் கோடி என்று ஏலம் விட்டபோது யாராவது ‘படம் வரட்டும், அப்புறம் பேசலாம்’ என்று தடுத்தார்களா?

முன்னெல்லாம் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜனம் எங்கே சிரிக்கிறது, எங்கே எழுந்து தம் அடிக்கப் போகிறது என்று பார்க்கிற டைரக்டர்கள் இருந்தார்கள். இடைவேளையில் பாத்ரூம் வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டவர்களும் உண்டு. அடுத்த படத்துக்கான பாடம் அங்கே இலவசமாகக் கிடைத்தது. இன்றைக்கு அதே பேச்சு வீடு தேடி செல்போனிலேயே வருகிறது. வக்கீலைக் கூப்பிடுகிறார்கள்.

மூணு நாள் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. டிக்கெட்டிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்துவிடுங்கள்: ‘திங்கட்கிழமை வரை இந்தப் படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மாட்டேன் என்று சம்மதிக்கிறேன்.’ அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒரு தடவை முழுசாகப் படிப்பாள். அப்புறம் கவுன்டரில் நீட்டிய பணத்தைத் திரும்ப வாங்கி, சுருக்குப் பையில் வைத்து முடிந்துகொண்டு, ‘அப்ப செவ்வாய்க்கிழமை வர்றோம்ப்பா’ என்பாள்.