சேலையைச் சோதிக்குமுன் நூலைச் சோதியுங்கள்

பண்டத்தைச் செய்கிறவருக்கும் அதை வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று, இது ஏற்கத்தக்கது, இது கழிக்கத்தக்கது என்று முடிவு சொல்லும் பரிசோதகரின் உத்தியோகம், நீதிபதியின் உத்தியோகத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. நீதிபதிக்காவது வக்கீல்களின் வாதமும் சாட்சிகளின் வாக்குமூலமும் உண்டு. நெசவாளி பல நாள் உழைத்து மடித்துக் கொண்டுவந்த சேலையின் முன்னே நிற்கும் பரிசோதகருக்கோ, தம் கண்ணும் கையும் மனச்சாட்சியுமே துணை. அவர் முடிவு தவறினால் ஒரு குடும்பத்தின் கூலி குறைகிறது. அவர் முடிவு தளர்ந்தால், எங்கோ ஓர் ஊரில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அந்தச் சேலையை வாங்கிய பெண் முதல் சலவையிலேயே ஏமாந்து போகிறாள். இத்தனை பொறுப்பு வாய்ந்த காரியத்தை நாம் நடத்திவருகிற முறை நியாயமானதுதானா என்பதை, அருப்புக்கோட்டை வட்டாரத்து நெசவை முன்னிட்டுச் சிந்திக்க விரும்புகிறேன்.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த அருப்புக்கோட்டை, வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே, நிலம் பொய்த்த வருஷத்திலும் தறி பொய்க்காது என்ற நம்பிக்கையில் வளர்ந்த ஊர். அதன் கிழக்கே, 1879-ஆம் ஆண்டு ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழியைச் சுற்றிய குண்டாற்றுப் பிரதேசத்தில், கண்மாயில் நீர் நின்றால் நெல்லும், நில்லாவிட்டால் பருத்தியும் சிறுதானியங்களுமே ஜனங்களின் ஜீவனோபாயம். பருத்தியும் நூலும் துணியும் ஒன்றையொன்று தொட்டு நின்ற இந்த வட்டாரத்தில், இன்று கைத்தறியின் ஓசை குறைந்து விசைத்தறியின் ஓசை மிகுந்துவிட்டது என்றாலும், நெய்த துணியைப் பிறர் சோதித்துப் பார்த்துக் கூலி கொடுக்கும் வழக்கம் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கிறது.

ஒரு சேலையை முறையாகச் சோதிப்பது எப்படி என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் மேஜைமீது விரித்து, நீளமும் அகலமும் அளந்து, தராசில் நிறுத்து, பிறகு ஓர் அங்குலச் சதுரத் திறப்புள்ள சிறு பூதக்கண்ணாடியைத் துணிமீது வைத்து, அந்த ஓர் அங்குலத்துக்குள் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை இழைகள் எத்தனை என்று ஊசிமுனையால் தள்ளித் தள்ளி எண்ணுகிறார்கள். முந்தி, உடல், கரை என்று வெவ்வேறு இடங்களில் எண்ணினால்தான் நெசவு சீராக விழுந்திருக்கிறதா என்பது தெரியும். அடுத்தபடியாகச் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், அறுந்த பாவு இழையைக் கவனியாமல் விட்டதனால் ஏற்பட்ட நீளக் கோடும், பலகை அடித்த அடி ஒரே பலமாய் இல்லாததனால் குறுக்கே விழுந்த தெறிப்பும், ஊடை நூல் சுற்றிய தார் மாற்றிய இடத்து முடிச்சும் கண்ணுக்குத் தப்புவதில்லை. கடைசியில், நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று காண்கிறார்கள். இவ்வளவும் அவசியமான சோதனைகளே. ஆனால் இவை யாவும் நெசவு முடிந்த பிறகு நடக்கிற சோதனைகள். குறை கண்டால் கூலியில் பிடித்தம், பெருங்குறை கண்டால் செகண்ட்ஸ் என்று தள்ளுபடி. அந்தக் குறை எங்கே பிறந்தது என்ற கேள்வியைக் கேட்பார் அரிது.

அந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் விடை பலரையும் திகைக்க வைக்கும். முதலில் நூலை எடுத்துக்கொள்வோம். நாற்பதாம் நம்பர் நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. சிட்டத்தில் ஏழு பங்குகள், பங்கு ஒன்றுக்கு 120 கஜம். சரியான நாற்பதாம் நம்பர் நூலில் அந்த 120 கஜம் ஏறத்தாழ 1.62 கிராம் நிற்கும். அதே அளவு நூல் 1.8 கிராம் நின்றால், சீட்டில் நாற்பது என்று அச்சடித்திருந்தாலும், உள்ளே இருப்பது முப்பத்தாறாம் நம்பர் நூலே. எடைபோட்டுக் கொடுத்த நூலில் இத்தனை சேலை வரவேண்டும் என்று கணக்கிட்டுக் கேட்கும்போது, பருமனான நூல் நீளத்தில் குறைந்து போவதனால், நெசவாளி ஒன்று சேலை எண்ணிக்கையில் குறைக்க வேண்டும், அல்லது ஊடையில் குறைக்க வேண்டும். இரண்டில் எது செய்தாலும் குற்றவாளி அவரே. ஒரு சுற்றுச் சக்கரமும் நுண்ணிய தராசும் இருந்தால் சில நிமிஷங்களில் வெளிப்பட்டுவிடக்கூடிய இந்த உண்மை, நூல் கைமாறும் வேளையில் சோதிக்கப்படாததனாலேயே, வாரக்கணக்கில் உழைத்த பிறகு உழைத்தவர் தலையில் விழுகிறது.

இரண்டாவது, இந்த வறண்ட பூமியின் காற்று. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. உலர்ந்த நூலின் எடையில் 8.5 சதவீதம் ஈரம் இருக்கும் என்று கொண்டே நூல் வியாபாரத்தில் எடை கணக்கிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நிறுத்துக் கொடுத்த நூலும், பங்குனி சித்திரை வெயிலில் நிறுத்து வாங்கிய சேலையும், ஓர் இழைகூடக் குறையாதபோதும், எடையில் ஒன்றாக இருப்பதில்லை. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வித்தியாசம் காற்றினாலேயே உண்டாகும். இதனால்தான் ஆய்வுக்கூடங்களில் 27 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் கொண்ட அறையில் துணியை வைத்துப் பதப்படுத்திய பிறகே நிறுக்க வேண்டும் என்று இந்தியத் தர விதிகள் கூறுகின்றன. காய்ந்த காற்றில் நூல் வலுவிழந்து அடிக்கடி அறும் என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். தரையைத் தோண்டிக் குழித்தறி அமைத்து, பாவை மண்ணின் குளிர்ச்சிக்கு அருகே வைத்தது அந்த ஞானத்தின் பயனே. சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் வந்த பிறகு அறுகின்ற ஒவ்வோர் இழைக்கும் நெசவாளியின் அஜாக்கிரதையே காரணம் என்று எழுதிவிடுவது, சூரியன் செய்த குற்றத்துக்கு மனிதனைத் தண்டிப்பதாகும்.

மூன்றாவது, சாயம். கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த இந்தப் பிரதேசத்தில், நீரின் கடினத்தை நீக்காமல் தோய்த்த நூலில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிப்பதும், ஒட்டாத மிச்சச் சாயம் சரியாக அலசப்படாமல் தங்கி, உடுத்துபவரின் முதல் சலவையில் ஓடுவதும் சகஜம். சலவையில் சாயம் நிற்கும் உறுதியை 1 முதல் 5 வரை படிவைத்து அளக்கும் முறை உண்டு. தோய்த்த நூலைத் தறிக்கு அனுப்புமுன் அப்படி அளந்து பார்த்தால், கெட்ட நூல் சாயப்பட்டறையிலேயே நின்றுவிடும். நெய்து முடித்த பின் கண்டுபிடித்தால், நூலும் போயிற்று, சாயமும் போயிற்று, மனித உழைப்பும் போயிற்று.

சோதனையும் கூலியும் சம்பந்தப்பட்ட இந்த விஷயம் நம் தேசத்துக்குப் புதியதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் நூல், நெசவு ஆகியவற்றுக்கென ஓர் அத்தியட்சரே நியமிக்கப்படுகிறார். நூல் மென்மையானதா, பருமனானதா, நடுத்தரமானதா என்று அறிந்து அதற்கேற்பக் கூலியை நிர்ணயிப்பதும், கொடுத்த பொருளுக்குக் குறைவாக நூல் வந்தால் கூலியைக் குறைப்பதும் அவருடைய கடமைகள். ஆனால் அந்த ராஜநீதி அத்துடன் நிற்கவில்லை. மிகுதியாக நூற்றவருக்கு எண்ணெய் முதலியன அளித்துச் சம்மானம் செய்யவும், திருநாளில் வேலை செய்தவருக்கு வெகுமதி கொடுக்கவும் விதித்தது. தண்டிக்கிற கையே கொடுக்கவும் வேண்டும் என்ற அந்தத் தர்மத்தில், நாம் பிடித்தத்தை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி வந்திருக்கிறோம், வெகுமதியை மறந்துவிட்டோம்.

வேரிலேயே தரத்தைக் காக்க வேண்டும் என்ற பாடத்தைக் கரிசல் சீமை ஒருமுறை கற்றும் இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியோடு தாழ்ந்த ரகமான புளிச்சையைக் கலந்து விற்றதனால் இப்பக்கத்துப் பருத்தியின் நற்பெயர் குன்றியபோது, மூட்டையைத் திறந்து பார்த்துக் கழிப்பதனால் மட்டும் பலனில்லை என்று உணர்ந்தே, 1932-இல் சென்னை மாகாணத்தில் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சந்தையில் தேடிய குற்றத்தை வயலில் தடுப்பதே அதன் நோக்கம்.

மேல்நாட்டு விஞ்ஞானமும் இதே முடிவுக்குத்தான் வந்தது. அமெரிக்காவில் டெலிபோன் சாமான்கள் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த வால்டர் ஷூவார்ட், செய்து முடித்த பொருளில் குறை தேடுவதைக் காட்டிலும் செய்கிற முறையையே இடைவிடாமல் அளந்து குறித்துவந்தால், எந்த ஏற்ற இறக்கம் இயல்பானது, எது ஒரு குறிப்பிட்ட காரணத்தால் நேர்ந்தது என்று பிரித்தறியலாம் என்பதை 1924-இல் ஒரு வரைபடத்தின் மூலம் விளக்கினார். புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆதரவில் ஷூவார்ட் 1947-48-இல் நம் நாட்டுக்கே வந்து சென்றார். அவர் வழிவந்த டெமிங், 1950-இல் ஜப்பானியருக்கு இதையே போதித்தார்; கடைசிச் சோதனையை நம்பித் தரத்தை உண்டாக்க முடியாது என்பதே அவர் உபதேசத்தின் சாரம். ஜப்பான் அதைத் தொழிற்சாலைதோறும் அனுஷ்டித்து உயர்ந்தது. நம்மிடையே அந்தச் சாஸ்திரம் பெரிய ஆலைகளுக்குள் புகுந்ததேயன்றி, சிறிய தறிக்கூடத்தின் வாசற்படியைத் தாண்டவில்லை.

இதைச் சொல்வதனால், சோதனையைத் தளர்த்த வேண்டும் என்று நான் வாதிடுவதாக ஒருவரும் கருத வேண்டாம். கைத்தறிக்கென ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்கும் மோசடி, கைத்தறியாளரின் வயிற்றில் நேராக அடிக்கும் குற்றம்; அதைத் தடுக்க 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை உறுதியாக அமல்படுத்தத்தான் வேண்டும். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று 1977-இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., 1983-இல் தொடங்கிவைத்த இலவச வேட்டி சேலைத் திட்டத்தில், ஏழையின் கைக்குப் போகும் துணி இலவசம் என்பதற்காக இளப்பமாக இருக்கலாகாது. விலை கொடாதவருக்கு முறையிடும் துணிவு குறைவாகையால், அவர் பொருட்டுச் சோதனை இன்னும் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்கு அத்தாட்சி. 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியக் கைத்தறி பிராண்ட், நூலும் சாயமும் நெசவும் தரமானவை என்பதற்கு அத்தாட்சி. இவ்விரண்டின் பேதத்தை அறிந்து வாங்குவது வாங்குகிறவரின் கடமை.

ஆகவே செய்யவேண்டியவை இவை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கமானாலும் ஜவுளி முதலாளியானாலும், நூலை நெசவாளியிடம் கொடுக்குமுன் நம்பரையும் நீளத்தையும் சாய உறுதியையும் சோதித்து, அந்த முடிவை நெசவாளியின் கணக்குப் புத்தகத்திலேயே எழுதித் தர வேண்டும். நிறுக்கும் இடத்தில் காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி ஒன்றை மாட்டிவைத்து, எடையைத் தீர்மானிக்கும்போது அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். புதுப் பாவு ஏற்றியவுடன் முதல் சேலை தறியில் இருக்கும்போதே பரிசோதகர் சென்று பார்த்து, பாவு இழைகள் கோக்கப்பட்ட அச்சிலோ விழுதிலோ பிழையிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும். ஒரு சேலையில் கண்ட பிழை அதே பாவின் மற்றச் சேலைகளுக்குப் பரவாமல் நிற்க இதைவிடச் சிறந்த வழியில்லை. குறையை நெசவாளியின் கண்ணுக்குக் காட்டி, காரணத்தையும் பதிவேட்டில் குறித்தாலன்றிக் கூலியில் ஒரு ரூபாயும் பிடிக்கலாகாது. பழுதில்லாமல் நெய்தவருக்குக் கூலிக்கு மேல் வெகுமதி உண்டு என்ற விதியும் அந்தப் பதிவேட்டிலேயே இருக்க வேண்டும். நெசவாளர் சேவை மையங்கள் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் அமைந்திருக்க, தென்கோடிக் கரிசலில் நெய்கிறவர் ஒரு முழத் துணியைச் சோதிக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லாதபடி, அருப்புக்கோட்டையிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடத்தை அரசாங்கம் நிறுவ வேண்டும்.

தரம் என்பது நெசவாளி ஒருவரே செலுத்தவேண்டிய கடன் அன்று. நூற்பவரும், சாயமிடுபவரும், நூலை நிறுத்துக் கொடுப்பவரும், சோதிப்பவரும் பங்கிட்டுச் செலுத்தவேண்டிய கடன். அந்தப் பங்கீடு நியாயமாக நடக்கும் நாள்வரை, சேலையை மட்டும் சோதித்துக் கூலியைப் பிடிப்பதற்குத் தரப் பரிசோதனை என்ற கௌரவமான பெயரைச் சூட்ட நமக்கு உரிமையில்லை.