கூரை போன பழி மண்ணுக்கா?

“மண் வீடு இருக்கிறவரைக்கும் ஊர் முன்னேறாது.” விழுப்புரம் மாவட்டத்து ஓமந்தூர்ப் பக்கம் யார் மேடை ஏறினாலும், வீட்டுத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வரியும் கூடவே வந்துவிடும். பல வருடமாகக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. கைதட்டலும் தவறாமல் விழுகிறது. தட்டுகிறவர்களில் பலர் மண் சுவருக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தப் பேச்சின் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பார்த்துவிடுவோம்.

1. “மழைக்கு மண் கரையும்.”

2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, மண் சுவர்கள் விழவில்லையா என்பார்கள். விழுந்தன. விழுந்த சுவருக்குக் கருங்கல் கடக்கால் இருந்ததா, கூரை எரவாணம் சுவரைத் தாண்டி நீண்டிருந்ததா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கூரை போனால் சுவர் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கே 1769 முதல் 1823 வரை ஸ்பானியப் பாதிரிமார்கள் 21 மிஷன்களை (மதப் பரப்பு மையங்களை) நிறுவினார்கள். அங்கிருந்த பழங்குடி மக்களின் கைகள் சேறு மிதித்து, கல் அறுத்து, வெயிலில் காயவைத்துக் கட்டியவை பல. 1830-களில் மிஷன்கள் கலைக்கப்பட்ட பிறகு பல இடங்களில் கூரை ஓடுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் மழை உள்ளே இறங்கிச் சுவர்கள் கரைந்தன. கூரையைப் பறித்தது மனிதன், பழி மண்ணுக்கு.

2. “மண்ணுக்குப் பலம் இல்லை.”

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் டோலோரஸ் கோயில் 1791-இல் கட்டி முடிந்தது. நாலடி கனத்தில் சுடாத மண் கல் சுவர். 1906 பூகம்பம் அந்த நகரத்தையே புரட்டிப் போட்டது. பக்கத்தில் நின்ற செங்கல் கோயில் சிதைந்துபோயிற்று. மண் கோயில் இன்றும் நிற்கிறது. சான் ஹுவான் காபிஸ்த்ரானோ மிஷனில் 1812 டிசம்பர் பூகம்பத்தில் கல் கோயில் இடிந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். அதே வளாகத்து மண் சிற்றாலயம் தப்பித்தது.

3. “காங்கிரீட் நிரந்தரம்.”

நம் ஊர்த் தொகுப்பு வீட்டுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். பூச்சு பெயர்ந்து, கம்பி துருவேறிப் பல்லிளிக்கும். 2001-க்கு முன் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளைப் பழுதுபார்க்கவே 2024-இல் தமிழக அரசு தனித் திட்டம் போட வேண்டியிருந்தது. இப்படிப் பழுதாகிறதற்குப் பெயர் நிரந்தரமா?

4. “மண் சுவரா? மேலே சிமென்ட் பூசிவிட்டால் போதும்.”

என்னை அதிகம் கொதிக்கவைப்பது இந்த யோசனைதான். நல்லது செய்வதாக நினைத்து வீட்டைக் கொல்லும் யோசனை இது. மண் சுவர் ஈரத்தை வாங்கும். வெயில் ஏறினால் திருப்பி விடும். கடக்காலிலிருந்து ஏறும் ஈரமும், அடுப்படி ஆவியும், சாரலும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். மண்ணும் சிமென்டும் ஒன்றுபோல விரிந்து சுருங்குவதில்லை; முடி கனத்தில் ஒரு வெடிப்பு விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், போனது வெளியே வராது. நாலைந்து வருடம் சுவர் பளபளவென்றிருக்கும். விரல் மடக்கித் தட்டினால் மட்டும் பொள்ளல் சத்தம் கேட்கும். பிறகு ஒருநாள் பூச்சு பலகை பலகையாகப் பெயரும். பின்னால் கை வைத்தால் சுவர் சேறாகக் கையோடு வரும். உடனே “பார்த்தீர்களா, மண் சுவர் நிற்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

இதே தவறு நியூ மெக்சிகோவிலும் நடந்தது. ராஞ்சோஸ் தே தாவோஸ் ஊரின் புனித அசிசி பிரான்சிஸ் கோயில், 1816 வாக்கில் கட்டி முடிந்த மண் கோயில். வருடா வருடம் பூசும் வேலை ஓயட்டும் என்று 1967-இல் சிமென்ட் பூசினார்கள். ஈரம் உள்ளேயே தேங்கிச் சுவர் உளுத்துப்போனது. 1979-இல் சிமென்டை உரித்தெடுத்துவிட்டுப் பழையபடி மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசினார்கள். இன்றுவரை வருடந்தோறும் பங்கு மக்கள் கூடி அந்தச் சுவர்களைப் பூசுகிறார்கள். ஒன்றரை நூற்றாண்டு மழை செய்யாததைப் பன்னிரண்டு வருடச் சிமென்ட் செய்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

5. “வருஷா வருஷம் மெழுக யாருக்கு நேரம்?”

போகிக்கு முன்னால் மண் குழைத்து மெழுகி, சுண்ணாம்பு அடித்த ஊர் இது. மெழுகிய கைகள் பெண்களுடையவை. அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் மட்டும் சுமத்தியது தவறுதான். அதற்குத் தீர்வு வேலையைப் பங்குபோட்டுக்கொள்வது, வீட்டை இடிப்பதல்ல.

6. “படித்தவன் எவன் மண்ணில் கட்டுகிறான்?”

இதே விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லில் கட்டுகிறார்கள். அங்குள்ள பார்வையாளர் மையம் மண் கல்லால் ஆனது. ஏழைகளுக்கான கட்டடக்கலைக்காக எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் கெய்ரோவில் தந்த விருதை 1992-இல் வாங்கியது. மண்ணோடு ஐந்து சதவீத அளவில் சிமென்ட் சேர்த்து, எந்திரத்தில் அழுத்திய கல். சூளை கிடையாது, விறகு கிடையாது. அந்தக் கல்லாலேயே விகாஸ் குடியிருப்பில் நான்கு தளம் எழுப்பியிருக்கிறார்கள். ஊரெல்லாம் செம்மண் கிடக்க, லாரியில் வரும் சிமென்டுக்குக் கடன் வாங்கச் சொல்வது எந்த முன்னேற்றம்?

ஒழுகாத கூரை ஏழைக்கு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சுவர் எதுவென்று தீர்மானிக்கும் உரிமையை வீட்டுக்காரரிடம் விடுங்கள். மண் கல்லில் கட்ட விரும்புகிறவருக்கும் அதே மானியத்தைக் கொடுங்கள், கடக்காலுக்குக் கருங்கல்லும் எரவாணத்துக்கு இரண்டடி நீளமும் சேர்த்துக் கொடுங்கள். அதைச் செய்யாதவர்களுக்கு எங்கள் சுவர்களைப் பழிக்க உரிமை இல்லை.