அடுப்பும் பேசட்டும்

இட்லிப் பானையின் அடியில் ஒரு காசைப் போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தண்ணீர் கொதிக்கும் வரை காசு 'கடகட'வென்று ஆடிக்கொண்டிருக்கும். ஓசை நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவர் அங்கிருந்தே, "அடுப்பை அணைடி" என்று குரல் கொடுத்துவிடலாம். எந்த விஞ்ஞானியும் உண்டாக்காத இந்தக் காசைத்தான், ஒலியால் செய்தி சொல்லும் வீட்டுக் கருவிகளுள் மிகச் சிறந்தது என்று நாங்கள் சொல்லுவோம்.

தோழியரே, கண்ணை மூடிக்கொண்டு சமையலறையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குக்கர் கூவும், கடுகு வெடிக்கும், பால் குக்கர் விசிலடிக்கும், சட்னி அரைபட அரைபட மிக்ஸியின் ஓசை மாறும். எரிவாயு அடுப்பின் திருகைத் தொட்டாலே அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். ஆனால் இப்போது வருகின்ற இண்டக்ஷன் அடுப்போ முகம் முழுவதும் வழவழவென்ற கண்ணாடி! சூட்டைக் கூட்டினாலும் 'பீப்', குறைத்தாலும் 'பீப்', அணைத்தாலும் அதே 'பீப்'. இதைக் கேட்டு ஒருவர் எதை அறிந்துகொள்வது?

எங்கள் தோழி ஒருத்தியின் அத்தை சர்க்கரை நோயால் பார்வை இழந்தவர். அதன் பிறகும் பழைய அடுப்பில் அவரேதான் சமைத்து வந்தார். புதிய அடுப்பு வந்த நாள் முதல், "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று வீட்டார் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆயினும் ஒரு டம்ளர் காப்பிக்குக்கூட அவர் பிறரை எதிர்பார்த்திருக்க வேண்டியதாயிற்று. இது அவருடைய கண்ணின் குறையா? அடுப்பின் குறையே என்பது எங்கள் கட்சி.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். பொது உபயோகப் பொருள்கள் மாற்றுத்திறனாளிகளும் கையாளும் வண்ணம் அமைவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கூட்டும்போது ஏறும் சுரம், குறைக்கும்போது இறங்கும் சுரம், அணைந்ததும் நீண்ட ஒரே ஓசை: இதற்கு என்ன பெருஞ்செலவு ஆகிவிடும்? ஆரோகணமும் அவரோகணமும் கற்ற சிறுமிக்கும் இது விளங்குமே! கைப்பேசி எல்லாம் செய்யுமே என்பார்கள் சிலர். மாவுக் கையோடு யார் கைப்பேசியைத் தேடுவது?

அதற்காகக் கருவிகள் ஓயாமல் வளவளவென்று பேசவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பார்வையற்றவருக்குக் காதே காவல். வாயு கசியும் சீற்றத்தையும் தொட்டிலில் குழந்தை சிணுங்குவதையும் அவர் அந்தக் காதால்தான் கேட்கவேண்டும். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் ஒரு பாட்டே பாடுகிறது, அத்தனை அவசியமில்லை!

எந்த ஓசை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பார்வையற்றவரைத்தான் முதலில் கேட்கவேண்டும். பிரான்சு நாட்டில் பார்வையுள்ள சார்ல்ஸ் பார்பியே அமைத்த 12 புள்ளி எழுத்து, விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பார்வையற்ற லூயி பிரெயில் 1824-இல் அதை 6 புள்ளிகளாக்கினார். அப்போது அவருக்கு வயது 15. எங்கள் வயதுதான்!

ஆகவே நாங்களும் சும்மா இருக்கவில்லை. டம்ளரின் விளிம்பில் மாட்டும் சிறு கருவி ஒன்று உண்டு. அதன் கம்பிகளைத் தண்ணீரோ காப்பியோ தொட்டவுடன் மின்சாரம் பாய்ந்து ஒலி எழும். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் கூவும் கருவிகள் பலவற்றிலும் இதே சூத்திரந்தான். நீளமும் குட்டையுமாகக் கம்பிகளை வைத்தால், நிரம்பப் போகும்போது விட்டுவிட்டும், நிரம்பியதும் தொடர்ந்தும் ஒலிக்கச் செய்யலாம். அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். சமையல் எண்ணெயில்தான் சங்கடம்! அதில் மின்சாரம் பாயாதே. மிதவை ஒன்றை வைத்துப் பார்க்கலாம் என்று ஒருத்தி சொல்கிறாள். எடை பார்த்து ஒலிக்கச் செய்யலாம் என்கிறாள் மற்றொருத்தி. வாதம் இன்னும் முடியவில்லை.