முந்திரி மூட்டையும் வீடியோகான் கடனும்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு கந்தர்வக்கோட்டையும், அதைத் தாண்டி வரும் ஆதனக்கோட்டையும் தெரிந்திருக்கும். சாலையோரத்திலேயே முந்திரிக்கொட்டையை வறுத்து, கையால் உடைத்து, பருப்பாக்கி விற்பார்கள். இந்த வியாபாரத்தில் ஒரு சிக்கல். கொட்டை வருவது கோடையில் சில மாதங்கள்தான். பருப்பு விற்பதோ வருஷம் முழுக்க. சீசனில் ரொக்கம் கொடுத்து மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தால்தான் தீபாவளிக்குச் சரக்கு இருக்கும். கையில் காசு இல்லாதவர் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கடன் வாங்கித் தொழில் செய்வது நல்லதா, கெட்டதா? வணிகவியல் புத்தகங்கள் பக்கம் பக்கமாக அலசும் இந்தக் கேள்விக்கு, முந்திரி மூட்டையை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

ஒருவரிடம் சொந்தப் பணம் 10 லட்சம். லாபம் 15 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 1.5 லட்சம். இன்னொருவர் அதே 10 லட்சத்தோடு, வங்கியில் 12 சதவீத வட்டிக்கு இன்னொரு 10 லட்சம் வாங்குகிறார். லாபம் 3 லட்சம், வட்டி 1.2 லட்சம் போக மிச்சம் 1.8 லட்சம். கடன் வாங்கியவருக்கே கூடுதல்!

சரி, விலை சரிந்து லாபம் 5 சதவீதமாகிவிட்டால்? முதலாமவருக்கு அப்போதும் 50 ஆயிரம் கிடைக்கும். இரண்டாமவருக்கு லாபம் 1 லட்சம், வட்டி 1.2 லட்சம். 20 ஆயிரம் நஷ்டம். அதுவும் மாதம் 3 வட்டிக்கு, அதாவது வருஷத்துக்கு 36 சதவீதத்துக்கு, வெளியில் வாங்கியிருந்தால் நல்ல வருஷத்திலேயே கதை முடிந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கத்தில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. புதுக்கன்று காய்க்கச் சில வருஷம் ஆகும். வட்டி ஒரு மாதம்கூடப் பொறுக்காது.

பெரிய கம்பெனிகளின் கதையும் இதேதான், பூஜ்யங்கள்தான் அதிகம். டிவியும் வாஷிங் மெஷினும் விற்றுப் பெயர் வாங்கியது வீடியோகான். கடன் வாங்கிக்கொண்டு செல்போன் சேவை, எண்ணெய் வயல் என்று இறங்கியது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தபோது வீடியோகானின் உரிமங்களும் போயின. 2018-ல் திவால் நடவடிக்கை. குழுமத்தின் 13 கம்பெனிகள் மீது ஏற்கப்பட்ட பாக்கி ஏறத்தாழ 65,000 கோடி ரூபாய்! டிவி விற்ற காசால் அடைக்கக்கூடிய கடனா அது?

இன்னொன்று, நியூட்ரெலா சோயா உருண்டையும் சமையல் எண்ணெயும் விற்ற ருச்சி சோயா. எண்ணெய் வியாபாரத்தில் லாபம் மெலிசு. அதன்மேல் வங்கிகளுக்கு மட்டும் 9,000 கோடிக்கு மேல் பாக்கி. 2017 டிசம்பரில் திவால் நடவடிக்கை. 2019-ல் பதஞ்சலி 4,350 கோடிக்கு எடுத்துக்கொண்டது, அதிலும் பெரும்பகுதி வங்கிக் கடன்தான். 2022-ல் 4,300 கோடிக்குப் பங்குகளை விற்று அந்த வங்கிக் கடனை அடைத்தார்கள். ஜனங்கள் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியதால் அந்தக் கம்பெனி விழவில்லை. சரக்கு தினமும் விற்றாலும், அதில் கிடைக்கும் லாபம் வட்டியைத் தாங்காவிட்டால் இதுதான் கதி.

அப்படியானால் கடனே இல்லாத கம்பெனிதான் உசத்தியா? ஹிந்துஸ்தான் யூனிலீவர் போன்றவை வங்கிக் கடன் ஏறக்குறைய இல்லாமலே நடக்கின்றன. பங்குச் சந்தையில் அதற்குத் தனி மரியாதை. ஆனால் இந்தத் தொழிலில் பெரிய கம்பெனிகளுக்குப் பொதுவாக ஒரு வசதி உண்டு. விற்ற காசு சீக்கிரம் வந்துவிடும், சரக்கு கொடுத்தவருக்குப் பிறகு கொடுத்தால் போதும். நடுவில் உள்ள நாட்களுக்கு வட்டி கட்டுவது யார்? சரக்கு கொடுத்த சின்ன ஆள்தான். பெரிய கம்பெனியின் ஐந்தொகையில் கடனாகத் தெரியாதது, சிறு பட்டறைக்காரரின் நோட்டில் கடனாக ஏறுகிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ல் வந்த சட்டம். கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் வாங்குகிற ஒரே பெரிய கையை எதிர்த்துப் புகார் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

ஆக, "கடன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அந்தக் கடன் எதில் போட்டிருக்கிறது, போட்ட காசு எப்போது திரும்பும், விற்பனை சரிந்தாலும் வட்டி கட்ட முடியுமா, கடைசியில் வட்டியை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சீசனில் வாங்கி, தீபாவளிக்கு விற்று, வங்கியில் அடைத்துவிடும் கடன் தொழிலை வளர்க்கும். அதே கடன் வேறு ஆசையில் போய் முடங்கினால், முந்திரிக் கடையோ டிவி கம்பெனியோ, இரண்டும் ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. 65,000 கோடி பாக்கி வைத்தவருக்குத் திவால் தீர்ப்பாயம் இருக்கிறது. 10 லட்சம் பாக்கி வைத்தவருக்கு வீட்டு வாசலில் வட்டிக்காரர் வந்து நிற்பார். மலிவு வட்டியில் சீசன் கடனும், கொடுத்த சரக்குக்குக் கெடுவில் காசும் முதலில் போய்ச் சேரவேண்டியது இவருக்குத்தான்.