நீர்க்கட்டிக்கு வாக்கு உண்டா?

ஆண்டுதோறும் ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளன்று மாவட்டம் முழுக்க உறுதிமொழி ஏற்கிறோம். பள்ளி மைதானத்திலும் அலுவலக வாசலிலும் கையை நீட்டி நின்று, இயற்கைக்கு மனிதன் செய்த தீங்குக்கு மனிதனே பொறுப்பு என்று சொல்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 'மனிதன்' யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான்கு அறைகளில் குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்காரரும், சித்திரை வெயிலில் கருவேலங்கட்டை வெட்டி மூட்டம் போடும் கூலிக்காரரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதத் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ், 1979இல் வெளியிட்ட நூலில் பொறுப்பு என்பதற்கு ஓர் அடிப்படை வகுத்தார். யாரிடம் ஆற்றல் இருக்கிறதோ அவரிடமே பொறுப்பும் இருக்கிறது. இயற்கையைக் குலைக்கும் ஆற்றல் மனிதனுக்கு வந்துவிட்டதால், இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் அவன் கடன்பட்டவன் என்றார். நல்ல அளவுகோல். உலகத்துக்குப் பிடித்துப் பார்ப்பதுபோல நம் கண்மாய்க்கரையிலும் அதைப் பிடித்துப் பார்க்கலாம்.

தென் மாவட்டக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஒருவர் இருப்பார். பெரும்பாலான ஊர்களில் அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், பஞ்ச காலத்தில் முறைப்பாய்ச்சலை எங்கே தொடங்குவது எல்லாம் அவர் கணக்கு. அடைமழையில் ஊர் உறங்கும்போது கலுங்கையும் கரையையும் சுற்றி வருபவர் அவரே. மடை அடைத்துக்கொண்டால் மூழ்கி எடுப்பவரும் அவரே. அறுவடையில் களத்துமேட்டில் அவருக்கு அளக்கும் நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். தமிழ் படித்தவள் என்பதால் இந்தச் சொல் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. ஊருக்கே நீரை நேர்மையாகப் பங்கிட்டவர், குடிநீர் ஊருணியில் இறங்க முடியாது. அவருடைய வீட்டுப் பெண்கள் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தார்கள்.

இது பழங்கதை என்று சொல்ல வருபவர்களுக்கு, 2022 டிசம்பரில் வேங்கைவயல் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நினைவூட்டுகிறேன். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது, ஆடுமாடு குடித்த குளத்தில் மனிதர் குடிப்பதுதான் தீட்டாகப் பட்டது. உடனே குளத்துக்குச் சுத்திகரிப்புச் சடங்கு நடத்தினார்கள். அவர்களுக்கும் நீர் புனிதம்தான். இயற்கையை வணங்குவது வேறு, இயற்கையின் பேரால் மனிதருக்குக் கடன்படுவது வேறு.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்கியது. பாசனப் பரப்பில் நிலம் வைத்திருப்பவர்களே அதில் வாக்காளர்கள். வாழ்நாள் முழுக்க மடை காத்தவருக்குப் பட்டா இல்லையென்றால் வாக்கும் இல்லை. 2017இல் குடிமராமத்து புதுப்பிக்கப்பட்டபோதும் வேலை ஆயக்கட்டுதாரர்கள் வழியாகவே நடந்தது. 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் உரியவர்கள் கையில் நின்றிருந்தால் அந்த ஆயக்கட்டில் நம் பெயர்களும் இருந்திருக்கும். அது போன விதம் தனிக்கதை.

நிலமில்லாதவர் எங்கே குடியிருப்பார்? ஓடைக்கரையில், வரத்துக்கால் ஓரத்தில், ஊர்த் தண்ணீர் எல்லாம் வடியும் பள்ளத்தில். 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்தில் முதலில் மூழ்கியவை எவை என்பதை அங்கே அரிசி மூட்டையோடு போனவர்கள் மறக்கமாட்டார்கள். அதே குடிசைகள்தான் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று முதலில் இடிபடுகின்றன. 2007ஆம் ஆண்டின் நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் அவசியமானது. கண்மாய்கள் மீட்கப்படத்தான் வேண்டும். ஆனால் மண்ணள்ளும் இயந்திரம் கண்மாய்க்குள் கட்டிய கல்லூரியின் சுற்றுச்சுவரைத் தாண்டிப்போய்க் கீற்றுக்கொட்டகையில் நிற்கும்போது, காலநிலைப் பொறுப்பு யார் தலையில் இறங்குகிறது என்பது தெரிந்துவிடுகிறது. சென்னை ஆற்றோரக் குடும்பங்களை வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றிப் பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்த இடத்திலும் வெள்ளம் வருகிறது.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மணல் லாரிக்கு இரவில் ஏற்றுகூலியாகப் போகும் பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டு. ஒடுக்கப்பட்டவர் என்பதற்காக ஆறு நம்மை மன்னித்துவிடாது. ஆனால் ஒரு லோடுக்குச் சில நூறு ரூபாய் வாங்குபவருக்கும், அந்தக் குவாரியைக் குத்தகை எடுத்தவருக்கும் ஒரே அளவு பொறுப்பு என்று எந்த அறநூலும் சொல்லாது. வழக்கு மட்டும் பெரும்பாலும் முன்னவர் மேல்தான் பதிவாகிறது.

1992 ரியோ மாநாட்டில் உலக நாடுகள் ஒரு கொள்கையை ஏற்றன. பொறுப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. பணக்கார நாடுகள் அதிகம் எரித்தன, அவை அதிகம் ஏற்க வேண்டும் என்று இந்தியா அன்றிலிருந்து ஒவ்வொரு மாநாட்டிலும் வாதாடுகிறது. நியாயமான வாதம். டெல்லி அயல்நாட்டில் பேசும் அதே நியாயத்தை ஊராட்சி எல்லைக்குள் நாம் பேசினால் மட்டும் சாதி அரசியல் ஆகிவிடுகிறதா?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தால் 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்போம். வெயிலில் சுருண்டு விழுந்த கூலித் தொழிலாளியின் சாவை மாரடைப்பு என்று எழுதி முடிக்காத மருத்துவச் சான்று அதற்கு முதலில் தேவை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நம்மவர்கள் மூன்று தீர்மானங்களைக் கேட்டு வாங்கலாம். நிலமற்ற பாசனத் தொழிலாளர்களுக்கும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்குரிமை தரச் சட்டத்தைத் திருத்தக் கோருவது ஒன்று. மேட்டு நிலத்தில் பட்டா தந்து வீடு எழும்பிய பிறகே பள்ளத்துக் குடிசைகளை அகற்ற வேண்டும் என்பது இன்னொன்று. மழைக்காலத் தங்குமிடப் பட்டியலில், நம் மக்கள் தடையின்றி நுழையக்கூடிய கட்டடம் எது என்று பெயரோடு எழுத வேண்டும் என்பது மூன்றாவது. தீர்மானப் பதிவேட்டில் ஏறாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்குள் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும்.