வழக்குச் செலவுக்கும் ஒரு வரம்பு வேண்டும்

எளாவூர் நிலையத்தில் மின்சார ரயிலேறிப் பொன்னேரி நியாயஸ்தலத்துக்குச் செல்லும் ஏரிக்கரை மீனவக் கட்சிக்காரருக்கு, தம் பக்கத்தில் நியாயம் இருக்கிறதா என்பதைக் காட்டிலும், வழக்கு முடிவதற்குள் எவ்வளவு பணம் கரையும் என்பதே பெரிய விசாரமாக இருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா கேட்கப்படும் தொகையை ஆரம்பத்திலேயே கூட்டிச் சொல்லும் கடமை அங்கே எவருக்கும் விதிக்கப்படவில்லை.

1908-இல் நமக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தை வகுத்தளித்த ஆங்கிலேயர், தம் நாட்டில் இக்குறைக்கு ஒரு பரிகாரம் தேடியிருக்கிறார்கள். நீதிபதி ரூபர்ட் ஜாக்சனின் அறிக்கையை ஒட்டி 2013 ஏப்ரல் முதல், பெரிய வழக்குகள் பலவற்றில், ஆவணம், சாட்சி, நிபுணர், விசாரணை என்று கட்டம் கட்டமாகச் செலவு மதிப்பீட்டை இருதரப்பாரும் முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவரிடமிருந்து வென்றவர் பெறும் செலவு, தக்க காரணமின்றி, நீதிபதி அங்கீகரித்த அத்தொகையைத் தாண்டாது. ஆண்ட்ரூ மிச்செல் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் ஒரு பத்திரிகை மீது தொடுத்த மானநஷ்ட வழக்கில், மதிப்பீட்டை உரிய காலத்தில் தராத தவறுக்காக, நீதிமன்றக் கட்டணத்துக்குமேல் அவர் எதுவும் பெறலாகாது என்ற உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டே உறுதி செய்தது.

ஆயினும் வழக்கு நதியைப் போல் திசை மாறக்கூடியது. ஆதலால், 2020 அக்டோபர் முதல் அமலிலுள்ள விதி, வழக்கின் போக்கில் முக்கியமான மாறுதல் நேர்ந்தால் மதிப்பீட்டைக் கூட்டியோ குறைத்தோ திருத்தியே ஆகவேண்டும் என்றும், திருத்தத்தையும் அதன் காரணத்தையும் தாமதமின்றி முதலில் எதிர்த்தரப்புக்கும் பின்னர் நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. செலவைப் பெருக்குகிறவன் காரணத்தை அப்பொழுதே சொல்ல வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

நம் டிக்ரியின் அடியில் வரும் செலவுப் பட்டியலைப் பாருங்கள்: பிராதுக்கு முத்திரை, வக்காலத்துக்கு முத்திரை, வக்கீல் கட்டணம், சாட்சிப் படி, கமிஷனர் கட்டணம், சம்மன் சார்பு செய்த செலவு. வலை வீசாமல் போன நாளுக்கும் ரயில் கட்டணத்துக்கும் அதில் ஒரு வரி கிடையாது. வக்கீல் கட்டணமும் விதிப்படியானதே தவிர, கட்சிக்காரர் உண்மையில் கொடுத்தது அன்று. பொய்யான வழக்குக்கு நஷ்டஈடாகச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவு அனுமதிக்கும் உச்சத்தொகையோ வெறும் 3,000 ரூபாய். சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இலேயே, வென்றவர் செலவிட்ட காலம், போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றையும் சேர்த்து நியாயமான உண்மைச் செலவு வழங்கப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிற்று. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் செலவுப் பிரிவை விரிவாக்கியபோதோ, அந்த அனுகூலம் வணிகத் தகராறுகளோடு நின்றுவிட்டது.

மதிப்பீடு தயாரிப்பதே மற்றொரு செலவாகாதா என்ற ஆட்சேபம் அற்பமானதன்று. இங்கிலாந்திலேயே முதல் மதிப்பீட்டைத் தயாரிக்கும் செலவில் திரும்பப் பெறக்கூடியதற்கு 1,000 பவுன் அல்லது மொத்தத்தில் 1 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது என்று உச்சவரம்பு வைக்க நேர்ந்தது. அந்த நீண்ட படிவம் நமக்கு வேண்டியதில்லை. விவாத எழுவினாக்கள் வகுக்கும் நாளில் ஒரே தாளில் மதிப்பீடு, புதிய கமிஷனரோ புதிய பிரதிவாதியோ வரும்போது காரணத்துடன் திருத்தம், திருத்தாமல் விட்ட செலவுக்கு டிக்ரியில் இடமின்மை, இம்மூன்றும் போதும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி விதி வகுக்கும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அதைப் பிரயோகிக்க இனியும் தாமதிக்கலாகாது.