கறிவேப்பிலையும் நூறு ரூபாய் நோட்டும்

மொரீஷியஸ் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட ஒரே கேள்வி: ‘‘தனியாவா?’’

சினிமா டூயட்டுகளும் ஹனிமூன் விளம்பரங்களும் அந்தத் தீவுக்கு அப்படியொரு பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. நான் போனது அக்கா வீட்டுக்கு. மாமாவுக்கு அங்கே துணி மில்லில் சூபர்வைசர் வேலை. டிக்கெட் அவர் செலவு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசாவும் வேண்டாம். பி.காம். படித்தவன் இப்படி ஒரு வரவை வேண்டாமென்று சொன்னால் கணக்குப் பாடமே கண்ணீர் விடும்.

அங்கே போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது ஷமாரல் நீர்வீழ்ச்சி. நல்ல உயரம், டிக்கெட், போட்டோ. மாமா வேறு ரூட் போட்டார்.

‘‘அதைக் காசு குடுத்து தூரத்துலேர்ந்து பாக்கணும்டா. தெற்கே ரோச்செஸ்டர்னு ஒண்ணு இருக்கு. ஓசி. கிட்டவே போகலாம்.’’

‘ஓசி’ என்ற சொல்லுக்கு அப்புறம் நான் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

தவிர, காஞ்சிபுரத்துக்காரனுக்கு நீர்வீழ்ச்சி என்றாலே ஓர் ஏக்கம். எங்கள் பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். வேகவதி என்று இன்னொரு நதியும் உண்டு. வேகம் பெயரில் மட்டும்!

மாமாவுக்கு லீவு இல்லாததால் டாக்ஸி. டிரைவருக்கு ஐம்பது வயசிருக்கும். நெற்றியில் விபூதி. சந்தோஷமாக, ‘‘அண்ணே, தமிழா?’’ என்றேன்.

‘‘தமிழன்தான். பேச வராது’’ என்றார் இங்கிலீஷில்.

வீட்டில் அவர்கள் பேசுவது கிரியோல். தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. வருஷா வருஷம் காவடி எடுக்கிறாராம். பாட்டன், முப்பாட்டன் ஊர் எது என்று மட்டும் தெரியாது. வழியெங்கும் கடைப் பலகைகளில் நம் பெயர்கள்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. வீரப்பன் அங்கே ‘வீராபென்’!

பாதி வழியில் வண்டியை நிறுத்தி, பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார். ‘‘காத்தோ பிமான். எங்க ஊர் ஸ்பெஷல்.’’

கடித்தேன். சந்தேகமே இல்லை, பருப்பு வடை! நம் வடைதான் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கறிவேப்பிலை வேறு. ‘‘இதுக்கு என்ன பேரு?’’ என்று இலையைக் காட்டினேன்.

‘‘கரிபுலே.’’

எனக்கு சட்டென்று சிலிர்த்தது. துருவினேன். முருங்கை அங்கே ‘மூரூம்’. ரசம் ‘ராசோன்’. பேச்சு போய்விட்டது, அடுப்படி மட்டும் பிடிவாதமாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறது.

சுயாக் என்ற சின்ன ஊரைத் தாண்டி, கரும்புத் தோட்டத்துக்கு நடுவே மண் ரோடு. குலுக்கிய குலுக்கலில் வடை ஜீரணம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சவான் ஆறு, பாறை மேலிருந்து அகலமாக விழுகிறது. குற்றாலம் மாதிரி உயரமில்லை. மூன்று மாடி இருந்தால் அதிகம்.

ஆனால் அந்தப் பாறை இருக்கிறதே, சார்! கோணம் கோணமாகச் செதுக்கிய தூண்கள், வரிசையாக. எங்கள் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தைக் கொண்டுபோய் ஆற்றில் நிறுத்தின மாதிரி. இங்கே ஸ்தபதி எரிமலை. மொரீஷியஸ் சுமார் 80 லட்சம் வருஷத்துக்கு முன் கடலுக்கடியிலிருந்து எரிமலை கக்கிய குழம்பில் எழும்பிய தீவு. குழம்பு மெள்ள ஆறும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது வெடிக்கிறது. கோடையில் நம் ஏரி வற்றினால் சேறு கட்டம் கட்டமாக வெடிக்கிறதே, அதே கணக்கு. சேற்றில் வெடிப்பு மேலோடு நின்றுவிடும். இங்கே அடிவரை இறங்கித் தூணாகிவிட்டது. மொரீஷியஸ் எரிமலைகள் இப்போது சாது. பக்கத்து ரெயூனியன் தீவில் ஒன்று இன்னமும் கக்கிக்கொண்டிருக்கிறது.

தூண் உச்சியில் ஒரு பையன். இருபது வயசு இருக்கலாம். என்னைப் பார்த்தான், கையசைத்தான், குதித்தான்! எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கீழே பாறை. தலை வெளியே வருகிறவரை நான் மூச்சு விடவில்லை. சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினான். டூரிஸ்ட் தலை தெரிந்தால் ஒரு குதி. இன்ஷூரன்ஸ் கிடையாது, பி.எஃப். கிடையாது. முதலீடு முதுகெலும்பு.

நூறு ரூபாய் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் நோட்டைப் பார்த்தேன். படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், அந்நாட்டு அரசியல் தலைவர். பெயரைக் கேட்டால் எங்கள் சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெருவில் வீடு இருக்கும் போலத் தோன்றும். தொகை இங்கிலீஷுக்கு அடுத்தபடி தமிழில்! மூன்றாவதாகத்தான் இந்தி.

அந்த இரண்டாம் இடம் சும்மா நிலைக்கவில்லை. 1998-ல் வந்த புது நோட்டில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். 1730-களில் பிரெஞ்சு கவர்னர் லாபூர்தொனே காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்து போர்ட் லூயி நகரத்தைக் கட்டியவர்கள் அவர்கள். வட இந்தியக் கரும்புக் கூலிகள் கப்பலேறியது 1834-ல்தான். ‘முதலில் வந்தவர்கள் நாங்கள்’ என்றார்கள். நோட்டுகள் வாபஸ். 1999-ல் பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். ‘‘அதுல என்ன போட்டிருக்கு?’’

‘‘நூறு.’’

‘‘நூ...று’’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் ஜனங்கள் போராடி மீட்ட எழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. திரும்புகிற வழியெல்லாம் சிக்னலுக்கு சிக்னல் ‘நூறு’ என்றார்.

சிரிக்க மனசு வரவில்லை. எங்கள் தெருவில் என் தாத்தாவுக்குக் கோர்வை, பேட்டு, அடை என்று தறிக்கு மட்டுமே ஓர் அகராதி வாயில் இருந்தது. இன்று தெருப் பையன்கள் ஒரகடம் கார் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். தப்பு சொல்ல முடியாது. மாசம் பிறந்தால் சம்பளம். நானும்தான் தறியை விட்டுப் பேனா பிடித்தேன். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கோர்வை என்றால் என்ன என்று கேட்டால், இன்னும் ஐம்பது வருஷத்தில் எங்கள் தெருவிலேயே யாராவது டிரைவர் மாதிரி முழிக்கக்கூடும்.

எந்தச் சொல் பிழைக்கும், எது போகும் என்று யார் கண்டது? சாப்பிடும்போது நாம் முதலில் பொறுக்கி ஓரம் தள்ளுவது கறிவேப்பிலை. கடல் தாண்டிப் போய்த் தாக்குப்பிடித்து நிற்பதும் அதுதான்!